பக்கத்து அறைக்குப் போன மகள்

திங்கட்கிழமை காலை டே கேர் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, என் மகள் எப்போதும்போல இடது பக்கம் ஓடினாள். ஒன்றரை வயதிலிருந்து அவள் போய்வந்த அறை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சுவரோரம் குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் வரிசையாகக் கொக்கிகள். மூன்றாவது கொக்கிக்கு முன்னால் போய் நின்று, பையை மாட்டக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அதில் வேறொரு பை தொங்கிக்கொண்டிருந்தது. மேலே ஒட்டியிருந்த படத்தில் வேறொரு குழந்தை சிரித்தது.

அவள் அழவில்லை. தூக்கிய கையை இறக்கவும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, அப்பா சரி செய்துவிடுவார் என்ற பார்வை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இனிமே நம்ம ரூம் அது இல்லம்மா, வா, புது ரூமுக்குப் போலாம்" என்று அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் பத்துப் பதினைந்து அடி நடந்தால் புது அறை. அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் அவள் என் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். புது அறை வாசலில் அவளை இறக்கிவிட முயன்றபோதுதான் அழுகை வந்தது. அதற்கு முன் நான் கேட்டிராத அழுகை. பிடிவாதமோ வலியோ அதில் இல்லை. தொலைந்துபோன குழந்தை அழுவதுபோல இருந்தது.

அவளுக்கு அப்போது 2 வயது 10 மாதம். முந்தின வாரம் டே கேரிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு வந்திருந்தது: திங்கள் முதல் உங்கள் குழந்தை ப்ரீ-ஸ்கூல் வகுப்புக்கு மாறுகிறாள், டயப்பர் வேண்டாம், இரண்டு செட் மாற்றுத் துணி அனுப்புங்கள், பையில் பெயர் எழுதுங்கள். நானும் மனைவியும் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டோம். அவ்வளவுதான். அதே கட்டிடம், அதே வாசல், அதே விளையாட்டுத் திடல், வீட்டிலிருந்து கிளம்பும் நேரம்கூட மாறவில்லை. முதன்முதலாக டே கேரில் விட்டபோது நாங்கள் எவ்வளவு யோசித்தோம்! இரண்டு வாரம் மாறி மாறி லீவு போட்டோம். முதலில் அரை மணி நேரம், அப்புறம் ஒரு மணி நேரம் என்று கூட்டினோம். இந்த மாற்றத்துக்கு ஒரு புதுப் பை வாங்கியதோடு சரி.

அந்த வாரம் முழுக்க அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "நீ பெரிய பொண்ணாயிட்டே. பெரிய பிள்ளைங்க கிளாஸுக்குப் போகப்போறே." தாத்தா பாட்டியிடம் போனில் சொன்னோம், அவர்களும் அவளிடம் அதையே சொன்னார்கள். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தோம். வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்கும்போது என் பக்கம் திரும்பி, "நான் பெரிய பொண்ணு இல்ல. நான் பாப்பா" என்றாள். செல்லம் கொஞ்சுகிறாள் என்று நினைத்து முத்தம் கொடுத்துவிட்டு விளக்கை அணைத்தேன். இப்போது யோசித்தால் அது கொஞ்சல் இல்லை, விண்ணப்பம். பெரிய பொண்ணானால் இருக்கிற இடத்தை விட்டுப் போக வேண்டும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பாப்பாவாகவே இருந்துகொள்கிறேன் என்று கேட்டிருக்கிறாள்.

பெற்றோர்கள் பலரும் இதைச் சொல்கிறோம். உற்சாகப்படுத்தத்தான் சொல்கிறோம். ஆனால் ஒரு குழந்தைக்குப் பெரியவளாவது பரிசாகத் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தூக்கிவைத்துக்கொள்வது குறையும், ஊட்டிவிடுவது நிற்கும், மடி கிடைக்காது என்பதாகவும் அது அவளுக்குக் கேட்கலாம். இது புரிந்த பிறகு நான் அந்தச் சொல்லை நிறுத்திவிட்டேன்.

முதல் வாரம் அவ்வளவும் அழுகைதான். வீட்டில் வேறு மாதிரி. டயப்பர் விட்டு நாலு மாதமாகியிருந்தது, மறுபடி பாவாடையை நனைத்தாள். ஸ்பூனைக் கையால் தொட மாட்டேன் என்றாள். கூடத்தில் தவழ்ந்தாள். சாயங்காலம் கூட்டிவரப் போனால் டே கேரில் ஒழுங்காகத்தான் இருந்தாள் என்பார்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஒன்றுமில்லாததற்கு வெடிப்பாள். செருப்பு வார் சரியாக இல்லை, சாக்ஸ் சுருங்கியிருக்கிறது, நான் தப்பான கதவைத் திறந்தேன். நாள் முழுக்க அடக்கி அடக்கி வைத்திருந்ததைப் பத்திரமான ஆள் கிடைத்ததும் கொட்டுகிறாள் என்று மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். அது சரிதான். சின்னப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கும் யாரும் ஒப்புக்கொள்வார்கள். அந்த நேரத்தில் "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே, யார்கூட விளையாடினே" என்று கேள்வி கேட்பதை நிறுத்தினோம். வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது பலன் தந்தது.

புதன்கிழமை ராத்திரி நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தூங்கவைக்கும்போது அவள் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கையைத் தள்ளிவிட்டாள். "அப்படி இல்ல" என்றாள். மெதுவாகத் தட்டினேன். "அப்படி இல்ல." வேகமாகத் தட்டினேன். "ஆன்ட்டி மாதிரி தட்டு." எப்படி என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து, தன் பொம்மையைக் குப்புறப் போட்டு, அதன் முதுகில் மூன்று தட்டுத் தட்டினாள். அப்புறம் உள்ளங்கையை விரித்து மேலிருந்து கீழாக ஒரு தடவை நீவினாள். மறுபடி மூன்று தட்டு, ஒரு நீவல். அவள் கை தயங்கவே இல்லை. என்னைப் பார்த்து, "இப்படி" என்றாள்.

நான் அப்படியே செய்தேன். ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஒரு வருடம் நாலு மாதம், தினமும் மத்தியானம் இந்தக் கணக்கில் ஒருவர் என் மகளைத் தூங்கவைத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. அவரை எனக்கு "ஆன்ட்டி" என்று தெரியும், காலையில் கையை நீட்டி வாங்கிக்கொள்வார், சாயங்காலம் என்ன சாப்பிட்டாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று சொல்லி அனுப்புவார். அவ்வளவு பழக்கம்தான். என் மகளுக்கு அவர் அதைவிட எவ்வளவோ மேல். விழித்திருக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் வாரத்தில் ஐந்து நாள் என்னைவிட அவரிடம்தான் அவள் அதிகம் இருந்திருக்கிறாள். பல் முளைத்தபோது, காய்ச்சல் வந்து நான் ஓடிவரும் வரைக்கும், முதல் தடவை இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசியபோது பக்கத்தில் அவர்தான் இருந்தார். அந்த மனுஷி ஒரு திங்கட்கிழமை முதல் அவள் நாளிலிருந்து காணாமல் போய்விட்டார். எங்கே போனார் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கே அது தோன்றவில்லை.

அறை மாறுகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு மாறியது ஆள்.

இந்த இடத்தில் எண்ணிக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மாற்றம் எவ்வளவு பெரியது என்பது அதில்தான் தெரிகிறது. அமெரிக்காவில் சிறு குழந்தைகளின் கல்விக்கான தேசியச் சங்கம் தரும் அளவுகோல்படி, இரண்டு வயதுக்காரர்களின் அறையில் அதிகபட்சம் 12 குழந்தைகள், 6 பேருக்கு ஒரு பராமரிப்பாளர். ப்ரீ-ஸ்கூல் அறையில் 20 வரை போகலாம், 10 பேருக்கு ஒருவர். இங்கிலாந்தில் இரண்டு வயதில் 5 பேருக்கு ஒருவர் என்றிருப்பது, மூன்று வயது முடிந்ததும் 8 பேருக்கு ஒருவர் ஆகிறது. தகுதி பெற்ற ஆசிரியர் கூடவே இருந்தால் 13 வரைகூட அனுமதி உண்டு. நல்ல தரம் என்று சொல்லும் இடத்திலேயே ஒரு பெரியவரின் கவனத்தில் குழந்தைக்குக் கிடைக்கும் பங்கு ஒரே நாளில் பாதியாகிவிடலாம். காரணம் நியாயமானதுதான். மூன்று வயதுக் குழந்தை தானே சாப்பிடும், தானே கழிப்பறைக்குப் போகும், சொன்னால் புரிந்துகொள்ளும். ஆனால் வெள்ளிக்கிழமை மடியில் இருந்த குழந்தை சனி ஞாயிறு இரண்டு நாளில் அப்படி ஆகிவிடுவதில்லை.

சொல்லே மாறுகிறது. பழைய அறையில் "ஆன்ட்டி", புது அறையில் "மிஸ்". ஆன்ட்டி தரையில் உட்கார்ந்திருப்பார், மிஸ் பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இருபது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் நிற்கத்தான் வேண்டும். ஆனால் மூன்றடி உயரத்திலிருந்து பார்க்கும்போது, முகம் பக்கத்தில் இருப்பதற்கும் மேலே எங்கோ இருப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

இரண்டாவது வாரம் அழுகை நின்றது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், "செட்டில் ஆயிட்டா சார், இப்ப அழறதே இல்ல. ரொம்ப சமத்து" என்றார்கள். நிம்மதியாக இருந்தது. ஆனால் கூட்டிவரும்போது அவள் ஓடிவரவில்லை. நடந்து வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, வாசல் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி தட்டிக்கொடுக்கப் போனபோது "வேணாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அழுகையைவிட இது அதிகம் பயமாக இருந்தது.

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவரைப் பற்றி எப்போதோ படித்தது அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஜான் போல்பியோடு லண்டனில் சேர்ந்து வேலை செய்தவர். தாயை விட்டுப் பிரிக்கப்பட்ட சின்னக் குழந்தைகளை மருத்துவமனைகளில் உட்கார்ந்து கவனித்தார். அந்தக் காலத்தில் பெற்றோர் வந்து பார்ப்பதற்கே மருத்துவமனைகளில் கெடுபிடி. பெற்றோர் வந்தால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, அதனால் வராமல் இருப்பதே நல்லது என்பது மருத்துவமனைக்காரர்கள் வாதம். ராபர்ட்சன் அந்த அமைதியைத்தான் உற்றுப் பார்த்தார். குழந்தை முதலில் எதிர்த்து அழுகிறது. அப்புறம் நம்பிக்கை விட்டுப்போய் ஒடுங்குகிறது. அதற்கும் அப்புறம் ஒட்டாமல் விலகிப்போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்தக் கடைசிக் கட்டம் "பழகிவிட்டது" என்று தெரிகிறது. மருத்துவர்கள் நம்ப மறுத்ததால், ஒரு இரண்டு வயதுச் சிறுமி மருத்துவமனையில் இருந்த 8 நாட்களைப் படம் பிடித்து 1952-ல் திரையிட்டுக் காட்டினார். பின்னாளில் குழந்தைகள் வார்டுகளில் பெற்றோரை அனுமதிக்கும் வழக்கம் வந்ததற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

என் மகளுக்கு நடந்ததை அதோடு ஒப்பிட மாட்டேன். அவள் தினமும் சாயங்காலம் எங்களிடம் வந்துவிடுகிறாள், ராத்திரி எங்கள் நடுவில் தூங்குகிறாள். ஆனால் அழாமல் இருப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றில்லை என்று ராபர்ட்சன் காட்டியது பத்தடி தூரத்துப் பிரிவுக்கும் பொருந்தும். அழும் குழந்தை இன்னும் யாரோ வருவார்கள் என்று நம்புகிறது. அதனால்தான் அழுகிறது.

மறுநாள் பொறுப்பாளரைப் பார்த்துப் பேசினேன். ஆன்ட்டியை ஏன் ஒரு தடவைகூடக் காணோம் என்று கேட்டேன். அவர் தயங்காமல் பதில் சொன்னார்: "நாங்கதான் ஒரு வாரம், பத்து நாளைக்கு அவ கண்ணுல படாம இருக்கச் சொல்லியிருக்கோம். பார்த்தா இன்னும் அழுவா. மறக்கட்டும்னுதான்."

கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. பல இடங்களில் இதுதான் பழக்கம், பல வீடுகளிலும் இதுதான் யோசனை. குழந்தை பார்க்காதபோது நழுவிப் போவதும் இதே ரகம்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு குழந்தை தான் நேசித்த ஆளை மறக்க வேண்டும் என்று நாம் ஏன் விரும்ப வேண்டும்? அவள் ஆன்ட்டியை நினைத்து அழுவது பிரச்சினையே இல்லை. ஒன்றரை வருடம் அவர் நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு அதுதான் அத்தாட்சி. ஒருவரிடம் அன்பாக ஒட்டிக்கொள்ளத் தெரிந்த குழந்தைதான் அடுத்தவரிடமும் ஒட்டிக்கொள்ளும். பழையதை அறுத்தால் புதியது தானாக வளரும் என்பது செடிக்குச் சரியாக இருக்கலாம், குழந்தைக்குச் சரியில்லை.

இதை அவரிடம் இவ்வளவு கோர்வையாகச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டார், அதற்காக அவர்மேல் மரியாதை உண்டு. கடைசியில் இரண்டு விஷயம் ஒப்புக்கொண்டார். தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் அவள் பழைய அறைக்குப் போய்வரலாம். புது மிஸ் ஒருவர் அவளைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வார். காலையில் வாங்குவதும் அவரே, மத்தியானம் தூங்கவைப்பதும் அவரே.

இரண்டாவதை நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் டே கேரில் புதிதாகச் சேரும் குழந்தைகளுக்கு 'பெர்லின் மாதிரி' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 1980களில் உருவானது. முதல் 3 நாள் அம்மாவோ அப்பாவோ கூடவே இருப்பார்கள், பிரித்துப் பார்ப்பதே கிடையாது. 4-ஆம் நாள்தான் முதல் தடவையாகச் சிறிது நேரம் வெளியே போவார்கள். அப்போது குழந்தை அழுகிறதா இல்லையா என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அழுதால், அந்தப் பராமரிப்பாளர் தேற்றும்போது தேறுகிறதா என்று பார்க்கிறார்கள். தேறினால் அடுத்த படி. தேறாவிட்டால் இன்னும் சில நாள். இங்கிலாந்திலோ ஒவ்வொரு குழந்தைக்கும் இன்னார்தான் பொறுப்பு என்று ஒருவரைக் காட்ட வேண்டும் என்பது விதியாகவே இருக்கிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: குழந்தை ஒரு இடத்தோடு பழகுவது அங்கே இருக்கும் ஒரு ஆள் வழியாகத்தான். இருபது பேர் கொண்ட வகுப்பிலும் அவளுக்கு முதலில் ஒரே ஒரு முகம் வேண்டும்.

அந்த மாலை அவளைப் பழைய அறைக்குக் கூட்டிப்போனேன். ஆன்ட்டி கதவைத் திறந்தார். இவள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். போகவில்லை. என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஆன்ட்டி ஒன்றும் பேசாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, தன் தொடையில் கையால் தட்டினார். மூன்று தட்டு, ஒரு நீவல். இரண்டாவது சுற்றில் என் மகள் போய் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எட்டு நாளாக அடக்கியது எல்லாம் வந்தது. ஆன்ட்டியும் அழுதார்.

அழுகை ஓய்ந்ததும் அவர் எழுந்துபோய் இழுப்பறையிலிருந்து ஒரு படத்தை எடுத்துவந்தார். மூன்றாவது கொக்கிக்கு மேல் ஒட்டியிருந்த அவளுடைய படம். ஓரத்தில் பசை காய்ந்து மஞ்சளாகியிருந்தது. தூக்கிப்போட மனம் வரவில்லை என்றார். "நீ அந்த ரூமுக்குப் போயிட்ட தங்கம். நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல. உன் படத்தை நாம ரெண்டு பேரும் சேர்ந்து அங்க ஒட்டலாமா?" என்று கேட்டார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்து போனார்கள். புது மிஸ் தயாராக ஒரு டேப்புடன் காத்திருந்தார், குனிந்து, முழங்கால் போட்டு. என் மகள் எந்தக் கொக்கி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். புது அறையிலும் மூன்றாவதைத்தான் எடுத்தாள். அது காலியாக இருந்ததா, இவளுக்காக யாருடைய பையாவது நகர்ந்ததா என்று எனக்குத் தெரியாது.

அறை மாறுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே இதைச் செய்திருந்தால் பத்து நிமிட வேலை. அவள் வெறுமனே வெளியே அனுப்பப்பட்டவளாக இல்லாமல், விடைபெற்று வந்தவளாக இருந்திருப்பாள். உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை அறை மாறப்போகிறது என்றால் இதை மட்டும் கேட்டுப் பெறுங்கள்: போவதற்கு முன் பழைய ஆளோடு புது அறைக்கு இரண்டு மூன்று தடவை போய்வர வேண்டும், கடைசி நாளன்று, இதுதான் கடைசி நாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். புது வகுப்பில் என்ன சொல்லித்தருவார்கள் என்ற கேள்வி அப்புறம் வரட்டும். யார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா நகரத்துப் பாலர் பள்ளிகளில் ஒரே ஆசிரியர்கள் ஒரே குழுவோடு மூன்று வருடம் சேர்ந்து மேலே போகிறார்கள். எல்லா இடத்திலும் அது முடியாது என்று தெரிகிறது. ஆட்கள் மாறுகிறார்கள், சம்பளம் குறைவு, வருகிறவர்கள் நிற்பதில்லை. ஆனால் அப்படியும் செய்யலாம் என்று ஒரு ஊர் செய்து காட்டியிருக்கிறது.

மற்ற விஷயங்கள் தாமாகச் சரியாயின. பாவாடை நனைவது மூன்றாம் வாரத்தில் நின்றது. அதற்காக நாங்கள் எதுவும் செய்யவில்லை, திட்டாமல் இருந்ததைத் தவிர. தூக்கம் மட்டும் கொஞ்ச நாள் குழப்பியது. பழைய அறையில் இரண்டு மணி நேரம், இங்கே ஒரு மணி நேரம்தான். மூன்றிலிருந்து ஐந்து வயது வரைக்கும் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதனால் ராத்திரிப் படுக்கையை முக்கால் மணி நேரம் முன்னால் நகர்த்தினோம். சாயங்கால வெடிப்புகள் பாதியாகக் குறைந்தன.

நான் வீணாகக் கவலைப்பட்ட விஷயம் ஒன்றும் உண்டு. அழுகை தீர்ந்த பிறகும், "யார் கூடவும் சேர மாட்டேங்கிறா, ஓரமா நின்னு பார்த்துக்கிட்டே இருக்கா" என்று மிஸ் சொன்னார். ஒருநாள் அரை மணி நேரம் முன்னதாகவே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாலைந்து பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் மகள் இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். யார் எந்தக் கட்டையை எடுக்கிறார்கள், எது விழுகிறது, விழுந்தால் யார் கத்துகிறார்கள் என்று ஒன்று விடாமல் கண் போய்வந்துகொண்டிருந்தது. உதடு அசைந்தது. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-லேயே, பாலர் பள்ளிக் குழந்தைகள் விளையாடுவதைக் கவனித்துப் படிப்படியாகப் பிரித்து எழுதியிருக்கிறார். தனியாக விளையாடுவது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாடுவது, கலந்து விளையாடுவது, சேர்ந்து ஒன்றைச் செய்வது. அதில் ஓரமாக நின்று பார்ப்பதும் ஒரு வகை. நின்று பார்க்கும் குழந்தை விளையாட்டுக்கு வெளியே இல்லை. என் மகள் அந்த அறையின் சட்டதிட்டங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸிடம் அவளைத் தள்ளிவிட வேண்டாம், பக்கத்தில் ஒரு கட்டையை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒன்பது நாள் அந்தக் கட்டையை அவள் தொடவில்லை. பத்தாம் நாள் எடுத்து உச்சியில் வைத்தாளாம். கோபுரம் சரிந்ததாம். எல்லோரும் சிரித்தார்களாம், இவளும்.

சாயங்காலப் பத்து நிமிடம் ஒரு மாதம் போல நடந்தது. அப்புறம் ஐந்து நிமிடமாயிற்று. அப்புறம் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக் கையசைப்பதோடு சரி. சில நாள் அதுவும் மறந்து வாசலுக்கு ஓடிவிடுவாள். அப்போதெல்லாம் நான்தான் திரும்பிப் பார்ப்பேன். ஆன்ட்டி உள்ளிருந்து கையைக் காட்டி, போங்க போங்க என்று சிரிப்பார்.

போன வாரம் மிஸ் ஒரு விஷயம் சொன்னார். அந்தப் பழைய அறையிலிருந்து புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறானாம். இந்தத் தடவை ஆன்ட்டியே நாலு நாள் கூட வந்து உட்கார்ந்தாராம், படத்தையும் அவரே கொண்டுவந்து ஒட்டவைத்தாராம். ஐந்தாம் நாள் மத்தியானம் அவன் தூங்காமல் விசும்பிக்கொண்டே கிடந்திருக்கிறான். மிஸ் வேறொரு குழந்தையைப் பார்த்துவிட்டு வருவதற்குள் என் மகள் தன் மெத்தையை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறாள்.

"அவன் முதுகுல ஏதோ ஒரு தினுசா தட்டிக்கிட்டு இருந்தா சார்" என்றார் மிஸ். "தட்டித் தட்டி, நடுவுல தடவிக்கொடுத்து."

எத்தனை தட்டு என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் முழங்காலில் தட்டிக் காட்டினார்.

அப்படித்தான் என்றேன்.